மன்னர் பேச்சும் மங்கை பாட்டும்



வரலாறு என்றவுடன் உங்களுக்கு அரசர் பெயர்களும் போர்க்களங்களும் ஒப்பந்த ஆண்டுகளுமே நினைவுக்கு வருகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றையே கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். ஆகையால் உங்களைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. இன்று அவ்வழக்கத்தை விட்டு, ஒரு பாட்டின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன். அது பிறக்கும்போது பாட்டாகப் பிறக்கவில்லை. ஆப்பிரிக்க மன்னர் ஒருவரின் சொற்பொழிவாகப் பிறந்தது; மேற்கிந்தியத் தீவு ஒன்றில் இசை பெற்றது; அயர்லாந்துப் பெண் ஒருவரின் குரலில் அமெரிக்க மக்களைத் திடுக்கிடச் செய்தது.

1992-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 3-ஆம் நாள் இரவு. நியூயார்க் நகரிலிருந்து வாரந்தோறும் நேரடியாக ஒளிபரப்பாகும் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் ஷினேட் ஓகானர் என்னும் பாடகி பாட வந்தார். வயது 25. மழித்த தலை, வெண்ணிற உடை, ஒலிவாங்கியின் தண்டில் சிவப்பும் பொன்னிறமும் பச்சையும் கொண்ட ஒரு துணி. பக்கவாத்தியம் ஒன்றும் இல்லை. ‘போர்’ என்று பொருள்படும் தலைப்புடைய பாட்டைத் தனிக்குரலில் பாடினார். அதில் குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைக் குறிக்கும் சொற்களைத் தாமாகச் சேர்த்துக்கொண்டார். பாடி முடித்ததும், போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பாலின் படம் ஒன்றை உயர்த்திப் பிடித்துக் கிழித்தார். உண்மைப் பகைவரோடு போரிடுங்கள் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லி, மெழுகுவத்திகளை ஊதி அணைத்தார். அரங்கில் கைதட்டல் எழவில்லை, அமைதியே நிலவியது.

அச்செய்தியைப் பள்ளி ஆசிரியர் அறையில் நாளிதழ் ஒன்றில் படித்தேன். எனக்கு அப்போது முப்பது வயது கடந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எதைப் பற்றியும் தயங்காமல் தீர்ப்புக் கூறும் பருவம். “புகழ் தலைக்கேறினால் இப்படித்தான்” என்று சொல்லி, இதழை மடித்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். அந்த ஆண்டும், முந்தைய ஆண்டுகளைப் போலவே, சர்வதேச சங்கத்தின் வீழ்ச்சியைப் பாடமாக நடத்தினேன். அபிசீனியாவைப் பற்றி அதில் நான்கு வரிகள். அந்த நான்கு வரிகளும் அப்பாட்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது அன்று எனக்குத் தெரியாது.

அந்த வேரைப் பார்ப்போம். 1935-ஆம் ஆண்டு அக்டோபரில் முசோலினியின் இத்தாலியப் படைகள், அபிசீனியா என்று அந்நாளில் வழங்கிய எத்தியோப்பியாவின்மீது பாய்ந்தன. விமானங்களிலிருந்து நச்சுவாயு பொழியப்பட்டது. மன்னர் ஹெய்லி செலாசி நாட்டை விட்டு வெளியேறி, 1936-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நின்று முறையிட்டார். இத்தாலியச் செய்தியாளர் சிலர் சீழ்க்கையடித்துக் கூச்சலிட்டனர். அவர்கள் வெளியேற்றப்படும்வரை மன்னர் காத்திருந்து, பின்னர்த் தம் தாய்மொழியாகிய அம்ஹாரிக்கில் பேசினார். சங்கம் கேட்டுக்கொண்டது, வேறொன்றும் செய்யவில்லை. அடுத்த திங்களிலேயே இத்தாலிமீது விதித்திருந்த பொருளாதாரத் தடைகளையும் நீக்கிவிட்டது. 1941-இல்தான் மன்னர் தம் தலைநகருக்குத் திரும்ப முடிந்தது.

27 ஆண்டுகள் கழிந்தன. 1963-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், அதே மன்னர் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் மேடையில் ஏறினார். ஜெனீவாவில் தாம் நின்ற நாளை அவர்களுக்கு நினைவூட்டினார். ஓர் இனம் உயர்ந்தது, மற்றோர் இனம் தாழ்ந்தது என்னும் கொள்கை வேரோடு களையப்படும்வரை உலகில் அமைதி என்பது கனவே என்றார். அங்கோலா, மொசாம்பிக், தென்னாப்பிரிக்கா ஆகிய நாட்டு மக்களின் விலங்குகள் உடையவேண்டும் என்றார். ஷினேட் ஓகானர் பாடிய அதே நகரம். அவர் பாடிய இரவு விடிந்தால் அச்சொற்பொழிவுக்கு 29 ஆண்டு நிறைவு. திட்டமிட்டுச் செய்ததா என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வரலாற்றில் இத்தகைய பொருத்தங்கள் தாமாகவும் நேர்வதுண்டு.

ஐக்கிய நாடுகள் சபையில் ஆண்டுதோறும் எத்தனையோ தலைவர்கள் பேசுகிறார்கள். அப்பேச்சுகள் அச்சாகி, கட்டாகி, அலமாரிகளில் உறங்குகின்றன. இந்தப் பேச்சு மட்டும் உறங்காமல் எழுந்து நடந்ததற்குக் காரணம், அதைத் தெய்வ வாக்காகக் கேட்ட மக்கள் கூட்டம் ஒன்று, மன்னரின் நாட்டிலன்று, அட்லாண்டிக் மாகடலுக்கு அப்பால் இருந்ததுதான். ஆகவே நாம் இப்போது ஜமைக்காத் தீவுக்குப் போகவேண்டும்.

1655-இல் ஸ்பானியரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய தீவு அது. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து மனிதரைக் கப்பலில் அடைத்துக் கொணர்ந்தார்கள். 1834-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. பயிற்சிக் காலம் என்ற பெயரில் தொடர்ந்த கட்டாய உழைப்பு 1838-இல்தான் முடிந்தது. விடுதலை பெற்றவர் பலர் தோட்டங்களை விட்டு அகன்றதும், 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனார்கள். பிற்காலத்தில் ராஸ்தபாரி மக்கள் வழிபாட்டில் புகைக்கும் கஞ்சாவின் பெயர்கூட நம்மவரோடு கப்பலேறிப் போன சொல்தான். ஜமைக்காவில் இன்றும் அதே பெயர் வழங்குகிறது. சொல் போனதில் எனக்கு வியப்பு உண்டு. பழக்கம் போனதில் மகிழ்ச்சி இல்லை. அவ்வளவு சொல்லி அதை விடுகிறேன்.

விடுதலை வந்தும் நிலம் வரவில்லை, மதிப்பும் வரவில்லை. இச்சூழலில் 1887-இல் செயிண்ட் ஆன்ஸ் பே என்னும் ஊரில் மார்க்கஸ் கார்வி பிறந்தார். அச்சுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய அவர், கருநிற மக்கள் தம் நிறத்துக்காக நாணவேண்டியதில்லை. அவர்களுக்கென ஆப்பிரிக்கா என்னும் தாயகம் உண்டு என்று முழங்கினார். 1914-இல் அவர் தொடங்கிய கழகம் அமெரிக்கா வரை பரவியது. ஆப்பிரிக்காவில் ஒரு கருநிற மன்னர் முடிசூடும் நாளை எதிர்நோக்குங்கள் என்று அவர் கூறியதாக மக்கள் நம்பினார்கள். 1930-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் எத்தியோப்பியாவின் தலைநகரில் ராஸ் தபாரி என்னும் இளவரசர், ஹெய்லி செலாசி என்ற பட்டப்பெயருடன் முடிசூடினார். அரசர்க்கரசர், யூதா குலத்துச் சிங்கம் என்பவை அவருடைய விருதுகள். ஜமைக்காவின் ஏழை மக்களில் சிலர் தங்கள் விவிலியத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். அச்சொற்கள் அங்கே இருந்தன. காத்திருந்தவர் வந்துவிட்டார் என்று முடிவு செய்தார்கள். மன்னரின் பழைய பெயரே அவர்கள் நெறிக்கும் பெயராயிற்று.

கார்வியோ அம்மன்னரைத் தெய்வமாகக் கொள்ளவில்லை. 1936-இல் அவர் நாட்டை விட்டு வெளியேறியதைக் கடுமையாகக் கண்டித்தும் எழுதினார். தாம் யாருடைய முன்னோடி என்று போற்றப்படுகிறாரோ, அவரையே குறைகூறிய தீர்க்கதரிசி! மதங்களின் வரலாற்றில் இதைப் போன்ற விந்தை அதிகம் இல்லை.

ராஸ்தபாரி நெறியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இறைவனை அவர்கள் ‘ஜா’ என்று அழைக்கிறார்கள். விவிலியத்தின் சங்கீதங்கள் அவர்களுக்கு உயிர். தங்களை அடக்கி ஆளும் உலகத்துக்குப் ‘பாபிலோன்’ என்று பெயர். சென்றடைய வேண்டிய நாடு ‘சீயோன்’, அதாவது ஆப்பிரிக்கா. முடியை வெட்டாமல் சடையாக வளர்க்கிறார்கள். உப்பைக் குறைத்து, பெரும்பாலோர் புலாலை விலக்கி உண்கிறார்கள். அவர்கள் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. நானும் நீயும் என்று சொல்லமாட்டார்கள். ‘நானும் நானும்’ என்பார்கள். இறைவன் ஒவ்வொருவர் உள்ளும் இருப்பதால், எதிரில் நிற்பவரும் ‘நான்’தான் என்பது கருத்து. இலக்கணப் பிழையைப் போல் தோன்றும் அச்சொல்லில் ஒரு தத்துவமே அடங்கியிருக்கிறது.

அந்நாளைய அரசு இதையெல்லாம் தத்துவமாகப் பார்க்கவில்லை. இந்நெறியை முதலில் போதித்தவர்களுள் ஒருவரான லெனார்ட் ஹவல் 1934-இல் அரச நிந்தனைக் குற்றத்துக்காகச் சிறை சென்றார். பின்னர் மலைப்பகுதியில் அவர் அமைத்த குடியிருப்பு, 1954-இல் காவலரால் அழிக்கப்பட்டது. 1962-இல் ஜமைக்கா விடுதலை பெற்றது. ராஸ்தபாரி மக்களுக்கு விடிவு பிறக்கவில்லை. 1963-ஆம் ஆண்டு ஏப்ரலில், கோரல் கார்டன்ஸ் என்னும் இடத்தில் மூண்ட கலவரத்தை அடுத்து, குற்றமற்ற ராஸ்தபாரி மக்கள் பலரும் வளைத்துப் பிடிக்கப்பட்டு அடிக்கப்பட்டார்கள். அவர்களுடைய சடைகள் வெட்டப்பட்டன. அதற்காக ஜமைக்கா அரசு மன்னிப்புக் கேட்டது 2017-இல்! ஏப்ரலில் சடை வெட்டப்பட்டவர்கள், அதே ஆண்டு அக்டோபரில் தங்கள் மன்னர் உலக மன்றத்தில் பேசியதைக் கேள்வியுற்றால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1966-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் மன்னரே ஜமைக்காவுக்கு வந்தார். கிங்ஸ்டன் விமான நிலையத்தில் காவல் வரிசைகள் உடைந்தன. மக்கள் விமானத்தையே சூழ்ந்துகொண்டார்கள். மன்னர் இறங்கத் தயங்கினார். மார்ட்டிமர் பிளான்னோ என்னும் ராஸ்தபாரிப் பெரியவர் படியேறிச் சென்று அழைத்தபின்னரே இறங்கினார். வெறுங்காலுடன் திரிந்த சடைமுடியாளரை முதன்முதலாக அந்நாட்டு அதிகாரிகள் மரியாதையுடன் நோக்கிய நாள் அது. அன்று சாலையோரம் நின்ற கூட்டத்தில் ரீட்டா மார்லி என்னும் இளம்பெண்ணும் இருந்தார். அவருடைய கணவர் அப்போது அமெரிக்காவில் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் பெயர் பாப் மார்லி.

மன்னரைப் பற்றி நம் தீர்ப்பு என்ன? ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எனக்குப் பாடம் சொன்ன விரிவுரையாளர் ஒருவர் சில ஆண்டுகள் எத்தியோப்பியாவில் பணிபுரிந்தவர். அந்நாளில் நம் நாட்டிலிருந்து, சிறப்பாகக் கேரளத்திலிருந்து, ஆசிரியர் பலர் அங்கே சென்றார்கள். மன்னர் கல்விக்குச் செய்த தொண்டைப் பற்றி அவர் நெகிழ்ந்து பேசுவார். அதே மூச்சில், 1973-இல் வோலோ மாநிலத்தில் மக்கள் பஞ்சத்தால் மடிந்தபோது அதை உலகுக்கு மறைத்த அரசும் அதுவேதான் என்று சொல்லித் தலையைக் குனிந்துகொள்வார். 1974-இல் இராணுவத்தினர் மன்னரை அரியணையிலிருந்து இறக்கினார்கள். மறு ஆண்டு காவலிலேயே உயிர் நீத்தார். மன்னர் தம்மைத் தெய்வம் என்று கூறிக்கொண்டவர் அல்லர்; எத்தியோப்பியத் திருச்சபையின் பக்தராகவே வாழ்ந்தார். சொன்னவரின் குறையை மறைக்கவும் வேண்டாம். அக்குறைக்காகச் சொல்லைத் தள்ளவும் வேண்டாம் என்பது என் கருத்து.

இனி இசைக்கு வருவோம். ஜமைக்காவில் 1950-களின் இறுதியில் வேகமான ஸ்கா இசை தோன்றி, சற்றே தணிந்து, 1968-ஐ ஒட்டி ரெகே என்னும் வடிவம் பெற்றது. அதன் தனித்தன்மையை உங்களுக்கு எப்படி விளக்குவது? நம் கருநாடக இசையில் தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்காமல் சற்றுத் தள்ளி எடுக்கும் பாட்டுகளைக் கேட்டிருப்பீர்கள். தொடக்கத் தட்டு விழும். குரல் பின்னால் வரும். அந்த இடைவெளியில் ஓர் இழுப்பு இருக்கும். ரெகேயின் ஒரு புகழ்பெற்ற நடையில், நான்கு தட்டுகளில் முதல் தட்டைப் பெருமுரசு வெறுமையாக விட்டுவிடுகிறது. மூன்றாம் தட்டில் அடி விழுகிறது. கிதாரோ இடைப்பட்ட தட்டுகளில் மட்டும் நறுக்கென்று வெட்டிச் செல்லும். எல்லோரும் அடியெடுத்து வைக்கும் இடத்தில் மௌனம். எதிர்பாராத இடத்தில் முழக்கம். இவற்றின் அடியில் ஆழ்ந்த சுரங்களோடு ஒரு தந்தி இசை நடக்கிறது. ராஸ்தபாரி மக்கள் வழிபாட்டில் முழக்கும் மூவகை முரசுகளின் சாயலும் இதில் உண்டு.

பாப் மார்லி 1945-இல் சிற்றூர் ஒன்றில் கருநிறத் தாய்க்கும் வெள்ளைத் தந்தைக்கும் பிறந்தவர். 1976-இல் வெளிவந்த அவருடைய ‘ராஸ்தமன் வைப்ரேஷன்’ என்னும் இசைத்தொகுப்பில்தான் அந்தப் பாட்டு இடம்பெற்றது. இயற்றியோர் என்று கால்பந்தாட்ட வீரர் ஆலன் கோல், முரசறைவோர் கார்ல்டன் பாரட் என்ற இருவர் பெயரே குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் சொற்களில் பெரும்பகுதி மன்னர் ஐக்கிய நாடுகள் சபையில் பேசியவை. எதுகை இல்லை, மோனை இல்லை, பல்லவி என்று சொல்லத்தக்கதும் இல்லை. சட்ட வரைவைப் போல நீண்டு செல்லும் வாக்கியங்கள். யாப்பிலக்கணம் கற்பித்த நான், இதைப் பாடவே முடியாது என்று சாதித்திருப்பேன். மார்லி பாடினார். ஒவ்வொரு நிபந்தனையாக அடுக்கிக்கொண்டே போய், இவை நிறைவேறும்வரை போர்தான் என்று அந்த ஒற்றைச் சொல்லை முரசடியின்மீது இறக்கினார். அதே ஆண்டு ஜூனில் தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில், உங்களைப் போன்ற பள்ளி மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மன்னர் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட நாடுகளில் அங்கோலாவும் மொசாம்பிக்கும் அதற்கு முந்தைய ஆண்டுதான் விடுதலை பெற்றிருந்தன. தென்னாப்பிரிக்கா 1994 வரை காத்திருந்தது. மார்லி அதைக் காணவில்லை. 1981-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள், தம் 36-ஆம் வயதிலேயே மறைந்தார்.

இப்போது அயர்லாந்துப் பெண்ணுக்கு வருவோம். ஷினேட் ஓகானர் 1966-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் டப்ளின் நகரில் பிறந்தார். தாய் தம்மை அடித்துத் துன்புறுத்தியதை அவர் பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். சிறுமிப் பருவத்தில் கடைகளில் திருடும் பழக்கம் ஏற்பட்டது. அதனால் கன்னியர் நடத்திய சீர்திருத்த இல்லம் ஒன்றில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்தார். அங்கே பல ஆண்டுகளாக அடைபட்டு முதுமையடைந்த பெண்களையும் கண்டார். அதே இல்லத்தில் ஒரு கன்னியர்தான் அவருக்கு முதல் கிதாரை வாங்கிக் கொடுத்தார் என்பதையும் மறவாமல் சொல்லவேண்டும். மனிதர் வாழ்க்கை நம் வினாத்தாளின் ‘சரியா, தவறா’ பகுதியைப் போல் அமைவதில்லை.

இளமையில் லண்டனுக்குக் குடியேறினார். இசைத்தட்டு நிறுவனத்தார் முடியை நீள வளர்த்துக் கவர்ச்சியாக உடுக்கச் சொன்னார்கள். அவர் தலையை மழித்துக்கொண்டு வந்து நின்றார். ஜமைக்காவில் ராஸ்தபாரி மக்கள் வெட்ட மறுத்த முடியும், லண்டனில் இப்பெண் வளர்க்க மறுத்த முடியும் ஒரே பதிலைத்தான் சொல்லின எனலாம். 1990-இல் பிரின்ஸ் என்பவர் இயற்றிய காதற்பாட்டு ஒன்றைப் பாடி, பல நாடுகளில் முதலிடம் பெற்றார். உலகம் அவரிடம் எதிர்பார்த்தது அதைப் போன்ற இன்னொரு காதற்பாட்டை.

அவர் நாடியதோ வேறு. லண்டன் வாழ்வில் ராஸ்தபாரி மக்களோடு பழக்கம் ஏற்பட்டிருந்தது. கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். இறைவன்மீது பற்றுக் குறையாதவர். ஆனால் இறைவன் பெயரால் நடக்கும் நிறுவனங்களின்மீது நம்பிக்கை இழந்தவர். அத்தகையவருக்கு, இறைவனைக் கட்டடங்களில் தேடாமல் அடுத்த மனிதரிடம் தேடும் ஒரு கூட்டம், சங்கீதங்களையே போர்ப்பாட்டுகளாகப் பாடும் ஒரு கூட்டம், எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! 1992-இல் அந்த மூவண்ணத் துணியைக் கட்டி, மார்லியின் பாட்டைப் பாடியதன் பொருள் இதுதான். அவர் கிழித்த படம், 1985-இல் தாய் விபத்தில் இறந்தபின், தாயின் அறைச் சுவரிலிருந்து எடுத்து வைத்திருந்த படம்.

விளைவு கடுமையாக இருந்தது. கத்தோலிக்க அன்பர் பலர் உள்ளம் புண்பட்டார்கள், அதில் வியப்பில்லை. ஆனால் எதிர்ப்பு அதோடு நிற்கவில்லை. நியூயார்க் தெருவில் அவருடைய இசைத்தட்டுகளைக் குவித்து, சாலை போடும் உருளை இயந்திரத்தை அவற்றின்மேல் ஓட்டினார்கள். இரண்டு வாரத்துக்குள், அக்டோபர் 16-ஆம் நாள், பாப் டிலன் என்னும் கவிஞர்-பாடகரின் 30-ஆம் ஆண்டு இசைவிழாவில் அவர் மேடையேறியபோது, கூட்டத்தில் பெரும்பகுதி ஊளையிட்டது. பாட வந்தது டிலனின் அமைதியான பாட்டு. வாத்தியக்காரர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்த ஊளைக்கு மேலாக, அதே ‘போர்’ப் பாட்டை உரத்த குரலில் சொல்லிவிட்டு இறங்கினார். கிறிஸ் கிறிஸ்டோபர்சன் என்னும் மூத்த பாடகர் ஒருவர் அவரை அணைத்துத் தேற்றினார். ஜெனீவாவில் 1936-இல் எழுந்த சீழ்க்கையொலியை எனக்கு இக்காட்சி நினைவூட்டுகிறது.

பிறகு நடந்தது என்ன? 1999-ஆம் ஆண்டு மே மாதம், அரசின் ஆதரவில் நடந்த இல்லங்களில் கொடுமைக்கு உள்ளான குழந்தைகளிடம் அயர்லாந்துப் பிரதமர் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2009-இல் வெளியான இரண்டு விசாரணை அறிக்கைகள், அக்கொடுமை எவ்வளவு பரவலாக நடந்தது, எப்படி மூடி மறைக்கப்பட்டது என்பதை விரிவாக எடுத்துரைத்தன. 2010-இல் போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட் அயர்லாந்துக் கத்தோலிக்கருக்குத் தனி மடல் எழுதி வருத்தம் தெரிவித்தார். அச்செய்திகளைப் படித்தபோதுதான் 1992-இல் மடித்து வைத்த நாளிதழ் என் நினைவுக்கு வந்தது.

அதனோடு வேறொன்றும் வந்தது. தலைமையாசிரியனான தொடக்க ஆண்டுகளில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். தான் தங்கியிருக்கும் விடுதிக்கு இனிப் போகமாட்டேன் என்றான். ஏன் என்று கேட்டேன், தரையைப் பார்த்தான். நாளை உன் தந்தையை அழைத்து வா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்கு அன்று ஆய்வாளர் வரும் நாள். பையன் அந்தப் பருவத்தோடு பள்ளியை விட்டு நின்றுவிட்டான். மாற்றுச் சான்றிதழில் கையெழுத்திட்டவன் நான். காரணம் என்று குறிக்கும் இடத்தில், குடும்பச் சூழ்நிலை என்று எழுதியிருந்தது.

மீண்டும் பாடகியிடம் வருகிறேன். பிறர் இசையைப் பாடகர்கள் எடுத்தாள்வது புதிதன்று. 1974-இல் எரிக் கிளாப்டன் என்னும் ஆங்கிலப் பாடகர் மார்லியின் பாட்டு ஒன்றைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பெற்றார். மார்லியின் பெயரும் அதனால் பரவியது. 2012-இல் ஸ்னூப் டாக் என்னும் அமெரிக்கப் பாடகர் ஜமைக்கா சென்று, தம் பெயரையே சிங்கம் என்று பொருள்படும்படி ஸ்னூப் லயன் என மாற்றி, ரெகே பாடினார். மார்லியின் பழைய தோழர் பன்னி வெய்லர், எங்கள் நெறியின் சின்னங்களை வாணிகத்துக்குப் பயன்படுத்துகிறார் என்று கண்டித்தார். சில காலத்தில் பாடகர் பழைய பெயருக்கே திரும்பினார். அவர் உள்ளத்தில் இருந்ததை அளக்க என்னிடம் கோல் இல்லை. ஆனால் பன்னி வெய்லரின் சினம் எனக்குப் புரிகிறது. அடித்து, சிறையிலிட்டு, சடை வெட்டி வதைக்கப்பட்ட ஒரு கூட்டத்தின் அடையாளத்தை, வெளியிலிருந்து வருபவர் ஒரு பருவத்துக்கு அணிந்துவிட்டுக் கழற்றினால், விலை கொடுத்தவர்களுக்கு எப்படி இருக்கும்?

ஷினேட் ஓகானரும் வெளியிலிருந்து வந்தவர்தான், வெள்ளைநிறப் பெண். மேலும், அவர் எந்த நெறியிலும் நிலைத்து நிற்கவில்லை என்று சொல்வோர் உண்டு. 1999-இல் தனிக் குழு ஒன்றின் ஆயரிடம் குருப்பட்டம் பெற்றார். 2018-இல் இஸ்லாத்தைத் தழுவினார். 2023-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் லண்டனில் தம் 56-ஆம் வயதில் மறைந்தார். இதை நிலையின்மை என்று நானும் ஒருகாலத்தில் சொல்லியிருப்பேன். தாகமுள்ளவர் கிணறு கிணறாகப் போவதை இப்போது அவ்வளவு எளிதாகக் குறைசொல்ல முடியவில்லை. அவர் ஒரு வேலை செய்தார். அதைக் கொண்டே அவரை மதிப்பிடுகிறேன்.

2005-ஆம் ஆண்டு அவர் கிங்ஸ்டனுக்குப் போனார். மார்லியின் டஃப் காங் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஜமைக்காவின் தலைசிறந்த வாத்தியக்காரர்களான ஸ்லை டன்பர், ராபி ஷேக்ஸ்பியர் இருவரையும் முன்நிறுத்தி, 12 பாட்டுகளைப் பதிவு செய்தார். ஒன்றுகூடத் தம் சொந்தப் பாட்டு அன்று. பர்னிங் ஸ்பியர், பீட்டர் டாஷ் முதலிய ரெகே இசைஞரின் பாட்டுகள். கார்வியின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாட்டும் அவற்றில் உண்டு. அதைப் பாடிய பர்னிங் ஸ்பியர், கார்வி பிறந்த அதே ஊர்க்காரர். தம் நாட்டு மெட்டில் மாற்றிப் பாடலாம். சொற்களைத் திருத்தி மென்மையாக்கலாம். எடுத்தாள்பவர் வழக்கமாகச் செய்வது அதுதான். இவர் ஜமைக்கா இசையின் நடையிலேயே, அந்நாட்டு வாத்தியங்களின் பின்னால் நின்று, மாணவி பாடம் ஒப்பிப்பதைப் போலப் பாடினார். அத்தொகுப்பின் பெயர், ஆயுதங்களைக் கீழே எறியுங்கள் என்று பொருள்படுவது.

முதல் பதினொரு பாட்டுகள் முடிந்தபின் பன்னிரண்டாவதாக வருவது அதே ‘போர்’. மன்னர் 1963-இல் அம்ஹாரிக்கில் பேசியது; மார்லி 1976-இல் பாடியது; இவர் 1992-இல் துணையின்றிப் பாடியது. இம்முறை படம் இல்லை, ஊளை இல்லை. நான் இதைக் கேட்டது ஓய்வுபெற்ற பிறகுதான். என் பேரன் தன் கைப்பேசியில் கேட்கச் செய்தான். நியூயார்க்கில் தனித்து நின்ற அந்தக் குரலுக்கு அடியில், கிங்ஸ்டன் முரசு முதல் தட்டை விட்டுவிட்டு, மூன்றாம் தட்டில் விழுந்துகொண்டே இருந்தது.